வெள்ளை வேட்டிக்காக ஒரு லாரித் தண்ணீர்

3, திங்கள்
காலை ஏழு மணிக்கே வெயில். வியாழன் மாலை கல்லூரிகளுக்கிடையேயான கால்பந்து இறுதி ஆட்டம், எங்கள் மைதானத்தில். எதிரணி காலாப்பட்டுக் கல்லூரி.

செய்ய வேண்டியவை: சால்வை, பூங்கொத்து, ஷாமியானா, மைக். பந்து பட்டியலில் இல்லை. அது இப்போது என் வேலை இல்லை. பல வருடம் கோச். போன வருடத்திலிருந்து விளையாட்டுத் துறை இயக்குநர். சுழல் நாற்காலி. விசில் மேசை இழுப்பறையில்.

என் இடத்தில் செல்வம். என்னிடம் ஆடியவன். ஒப்பந்த வேலை. கோப்பை வந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று கல்லூரி முதல்வர் சொல்லியிருக்கிறார்.

மனைவி: "இப்பல்லாம் உங்க ஷூவுல மண்ணே இல்ல. எனக்கு வேல மிச்சம்." பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

4, செவ்வாய்
ஜன்னல் வழியே பயிற்சி பார்த்தேன். தரையோடு தரையாகக் குட்டைப் பாஸ். நான் சொல்லிக்கொடுத்தது. செல்வம் என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறான். கீழே இறங்கலாமென்று எழுந்தேன். ஷாமியானாக்காரர் போன்.

6, வியாழன்
மதியம் காற்று. செம்மண் புழுதி.

முதல்வர்: "தலைமை விருந்தினர் வெள்ள வேட்டில வருவாரு. தூசி படாம பாத்துக்குங்க, டைரக்டர் சார்."

தண்ணீர் லாரிக்குச் சொன்னேன். வடக்கு கோல் பக்கம் தண்ணீர் வடியாது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொன்னவன் நான். இயக்குநருக்கு யாரும் சொல்லவில்லை.

லாரிக்காரர்: "போதுமா சார்?"

"இன்னொரு சுத்து விடுங்க."

செல்வம் ஓடி வந்தான். "யாரு சார் தண்ணி விடச் சொன்னது?" நான் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பாஸ் எல்லாம் சேற்றில் நின்றன. காலாப்பட்டுப் பையன்கள் தூக்கியே அடித்தார்கள். 0-1. ஷாமியானாவுக்குப் பின்னால் ஒரு குரல்: "டேய், பந்தாட்டமா, நாத்து நடவாடா?"

தலைமை விருந்தினர் ஆட்டம் முடிந்தபின் வந்தார். பேன்ட் போட்டிருந்தார். ஏற்பாடு பிரமாதம் என்று எனக்குக் கைகொடுத்தார்.

7, வெள்ளி
மேகமூட்டம். முதல்வர் அறைக்குள் செல்வம் போனான், உடனே வெளியே வந்தான். நான் உள்ளே போய், "தண்ணி விட்டது என் தப்பு" என்று ஆரம்பித்தேன்.

"தூசியே இல்லையே, நல்லாதான இருந்துச்சு. உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

சாயங்காலம் செல்வம் பையை வண்டியில் மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்றேன்.

"பரவால்ல சார். அடுத்து யாரு வராங்களோ, அவங்ககிட்ட மட்டும் சொல்லிடுங்க, வடக்கு கோல்ல தண்ணி நிக்கும்னு."