உங்கள் அனுபவம், என் இன்டர்வியூ

என்னங்க,

எழுந்ததும் என்னைத் தேடாதீர்கள். மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ, கிளம்பிவிட்டேன். முந்தாநாள், "இதெல்லாம் உனக்குப் புரியாது, கொடு"ன்னு என் போனைப் பிடுங்கி, வேலை தேடும் தளத்தில் உங்களுக்காக விண்ணப்பித்தீர்களே? அங்கே ஏற்கெனவே என் கணக்கு திறந்திருந்தது. உங்கள் பெருமையெல்லாம் என் பெயரில் போய்விட்டது. நீங்கள் குறட்டை விடும்போதே கூப்பிட்டார்கள். "மேடம், உங்க அனுபவம் பிரமாதம், இன்னைக்கே வாங்க"ன்னாங்க.

சாப்பாடு மேசையில். குழாய் ரிப்பேர் செய்பவர் வருவார். அவருக்கும் பாடம் எடுக்காதீர்கள்.

உங்கள் நீலச் சட்டையை இஸ்திரி போட்டிருக்கிறேன். உங்களையும் ஒருநாள் யாராவது கூப்பிடுவார்கள்.

பி.கு.: அங்கே நான் பொய் சொல்லத் தேவையில்லை. 'முரண்டு பிடிப்பவர்களைச் சமாளிப்பதில் பத்து வருட அனுபவம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம்தானே!