கம்ப்யூட்டருக்குப் போன அறை

ஜூலை 9, 2001. திங்கள்.

காலையிலிருந்து தூறல். ஸ்ரீராம்புரம் சந்தெல்லாம் சேறு. புடவைக் கரை நாசம்.

முதல் வகுப்பு இன்றைக்கும் வராந்தாவில்தான். பள்ளியிலேயே ஒழுகாத அறை எங்களுடையது ஒன்றுதான். அதனால் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. சாரல் அடித்தால் பிள்ளைகளைச் சுவரோடு ஒட்டி உட்கார வைக்கிறேன். சிலேட்டில் எழுதிய 'அ' அவர்கள் கண்ணெதிரே கரைகிறது.

மேரி வரவில்லை. போன வாரமே இருமல். வாசலில் தெரு கூட்டிக்கொண்டிருந்த அவள் அம்மாவைப் பிடித்துக் கேட்டேன். "மழ நிக்கட்டும் டீச்சர், அனுப்புறேன்."

வாங்க: ரவை, நீலகிரித் தைலம், குடைக்கம்பி ரிப்பேர்.

ஜூலை 10. செவ்வாய்.

வெயில் மாதிரி ஏதோ ஒன்று. வியாழக்கிழமை வெளிநாட்டுப் பேராசிரியை வருகிறாராம். நாடு நாடாகப் போய், சின்னப் பிள்ளைகள் பள்ளியில் கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்று ஆராய்ச்சி. கூடவே கல்வி அதிகாரி. ஹெச்.எம். காலில் சக்கரம். "பேகா பேகா!" என்று கன்னடத்தில் எங்களை அவசரப்படுத்தல். கம்ப்யூட்டரின் வெல்வெட் உறைகளைத் துவைத்துப் போட்டோம். மெஷின் வந்த அன்று வைத்த குங்குமப் பொட்டை அழிப்பதா வேண்டாமா என்று பெரிய விவாதம். பொட்டு ஜெயித்தது.

எனக்கு ஒரு நப்பாசை. அவ்வளவு படித்தவர் ஒரு வார்த்தை சொன்னால் அதிகாரி கேட்பார். அறை திரும்பி வரும். சமையலறையில் ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். "யாருகிட்ட பேசுற?" என்று இவர் எட்டிப் பார்த்தார்.

ஜூலை 12. வியாழன்.

வந்தார். ஒல்லி, நரைத்த தலை, கசங்கிய குர்தா. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது, அவரும் ஷூவைக் கழற்றினார். சாக்ஸில் ஓட்டை, பெருவிரல் வெளியே. பிள்ளைகள் சிரிக்க, அவரும் சிரித்தார். அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று.

நாலாம் வகுப்பு மெஷின் முன்னால் கைகட்டி உட்கார்ந்தது. தொடச் சொன்னார். ஒருவரும் தொடவில்லை. தொட்டால் அடி என்று சொல்லித்தானே வைத்திருக்கிறோம்.

கிளம்பும்போது வராந்தாவில் நின்றார். ஈரப் பாயைப் பார்த்தார். ஒத்திகை பார்த்த ஆங்கிலமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அது எங்கள் ரூம் என்று மட்டும் திக்கித் திணறிச் சொல்லி, கையைக் காட்டினேன். புரிந்துகொண்டார். எந்த நாட்டுக்குப் போனாலும் அவர் வருகிற அன்றைக்குத்தான் உறையை எடுக்கிறார்களாம். அதிகாரியிடம் பேசுவதாக என் கையைப் பிடித்துச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சீ.

ஜூலை 13. வெள்ளி.

மழை. மேரி இல்லை. மனசுக்குள் அறையில் சாமான் அடுக்கிக்கொண்டே இருந்தேன். கரும்பலகை எந்தப் பக்கம், பாய் எந்தப் பக்கம். பைத்தியம்தான் நான்.

ஜூலை 16. திங்கள்.

பேராசிரியை சொன்னபடியே சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் மெஷினைத் தொடுவதே இல்லை, முதல் வகுப்பு வெளியே நனைகிறது, எல்லாம். அதிகாரி யோசித்தாராம். மெஷின் குறைச்சல், அதனால்தான் பிள்ளைகளுக்குக் கை எட்டவில்லை என்று முடிவு.

ஹெச்.எம். லட்டு கொடுத்தார். "இன்னும் ஆறு சாங்ஷன் ஆயிருக்கு டீச்சர்! பக்கத்து ரூமையும் எடுத்துக்கணும். ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"அது ஒழுகுமே மேடம்?"

"கூரை புதுசா போட்டுத் தர்றாங்க. மெஷின் நனையக்கூடாதில்ல?"

லட்டு கையிலேயே பிசுபிசுத்தது. யாரைக் கோபித்துக்கொள்வது? பேராசிரியை வாக்குத் தவறவில்லை. ஹெச்.எம். கெட்டவர் இல்லை. போய்ச் சொன்னவள் நான்.

மத்தியானம் பக்கத்து அறை பிலோமினா டீச்சர், இரண்டாம் வகுப்பு மொத்தத்தையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கக்கத்தில் சுருட்டிய பாய்.

"சாரல் எந்தப் பக்கம் கம்மியா அடிக்கும் டீச்சர்?"

சுவரோரம் காட்டினேன். மேரி உட்காருகிற இடம்.