பொன்மணியின் தலையணை உறை

ஜூன் 11, 2024

பேத்தி பொன்மணியின் தலையணை உறையில் இன்றும் எச்சில் கறை. ஐம்பது வருஷம் கொச்சி மட்டாஞ்சேரிக்காரர்களின் துணி வெளுத்தவன் கண், தப்பாது. எட்டு வயதுப் பிள்ளை, வாயைத் திறந்தபடியே தூங்குகிறாள், திறந்தபடியே படிக்கிறாள். பள்ளியில் "வாப்பொளிச்சி", வாய்பிளந்தவள், என்று கூப்பிடுகிறார்களாம்.

முகமும் நீண்டுகொண்டே போகிறது. மகன் பாண்டித்துரை, "நம்ம குடும்ப மொகமே நீளந்தானப்பா" என்கிறான். இல்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் போன்தான் எழுதுகிறது. ஆனால் ஞாபகம் என்னுடையது. பிள்ளைக்கு நாலாவது பிறந்தநாளில் உருண்டை முகம். ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுக்காமல் ஒரு இளநீர் முழுக்கக் குடித்தாள். மறுவாரம் சளி பிடித்தது. அதன்பிறகு இளநீருக்கு மூன்று தரம் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள்.

ஜூன் 14

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மருமகள் வசந்தியோடு நானும் எர்ணாகுளம் போனேன். டாக்டரம்மா மூக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு மலையாளத்தில், "மூக்கின்டெ பின்னில் தசையுண்டு. அது மாற்றணும்" என்று சீட்டு எழுதினார்.

"மூக்கு டாக்டரே தசை பாக்காங்க மாமா. மாறினா சரியாயிருமாம்" என்றாள் வசந்தி. நானும் தலையாட்டினேன். ஜோசியரைக் கேட்டோம். சனி தசை தை மாசம் மாறுகிறதாம். சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் போயிற்று.

ஆகஸ்ட் 2

முன்பல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுகிறது. தைக்கு இன்னும் எத்தனை மாசம்?

செப்டம்பர் 22

ஞாயிறு. இறைச்சிக் கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "எல்லு வேணோ அண்ணாச்சி, தசை மாத்ரம் மதியோ?"

நின்றுவிட்டேன். எல்லு எலும்பு, அப்போ தசையா— நம்ம பேச்சில் சதை, இவர்கள் பேச்சில் தசை. டாக்டரம்மா சொன்னது மாறும் என்றல்ல, மாற்றணும் என்று. எடுத்துப் போடணும் என்று. வசந்தி தென்காசிக்காரி, அவளை விடு. நான் இங்கேயே பொறந்து இங்கேயே நரைச்சவன், எனக்கென்ன கேடு?

வெறுங்கையோடு வீட்டுக்கு ஓடினேன்.

"கறி எங்கப்பா?"

"ஒம் மக மூக்குக்குள்ள இருக்குடா. சீட்ட எடு."

செப்டம்பர் 24

மூக்குக்குப் பின்னால் சதை அடைத்திருப்பதால் பிள்ளை வாயால் மூச்சு விடுகிறாள். வாய் திறந்தே கிடந்தால் நாக்கு மேலண்ணத்தில் படியாது. அண்ணம் குறுகும், பல்லுக்கு இடம் போதாது, தாடை கீழே இறங்கி முகம் நீளும். அப்படித்தான் டாக்டரம்மா சொன்னார்.

"குடும்ப மொகம்..." என்று இழுத்தான் பாண்டித்துரை.

எப்போதிலிருந்து இப்படி என்று டாக்டரம்மா கேட்டார். பிறந்தநாள், இளநீர், மறுவாரத்துச் சளி, எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டார். "அப்பூப்பன் பறஞ்ஞதாணு சரி." தாத்தா சொன்னதுதான் சரியாம். எலும்பு வளர்கிற வயசு, இன்னும் நேரமிருக்கிறதாம்.

பாண்டித்துரை அவனாகவே ஆபரேஷனுக்கு நாள் கேட்டான்.

அக்டோபர் 9

சதையை எடுத்தாயிற்று. ஐஸ்கிரீம் கேட்கிறாள்.

டிசம்பர் 15

அண்ணத்தை விரிக்கப் பல் டாக்டர் மேலே கம்பி வைத்திருக்கிறார். வசந்தி தினம் ஒரு திருகு திருகுகிறாள். முன்பல் நடுவே சந்து.

"பல்லு ஓடுது தாத்தா."

"ஓடட்டும். எடம் வருதுல்ல."

பிப்ரவரி 20, 2025

தை போய்விட்டது. தசை மாறிற்றா என்று வசந்தியிடம் கேட்டேன். முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

ஜூன் 8

பள்ளி திறந்து ஒரு வாரம். யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லையாம். மத்தியானம் இளநீர் வாங்கினேன். ஸ்ட்ரா வாயைவிட்டு வரவில்லை; அடியில் கறகறவென்று சத்தம் வரும்வரை மூக்காலேயே மூச்சு. பிறகு தூங்கிப்போனாள், உதடு சேர்ந்து.

அவள் எழுந்ததும் தலையணை உறையைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பூப்போட்ட துணி. பூ மட்டும்தான் இருந்தது.