வர்றதுக்கு மட்டும் ஒரு டிக்கெட்

டிசம்பர் 8

இன்று முழுக்கக் கட்டியது இஸ்திரிப் பெட்டிதான். மூன்றாவது மாடியில் எஸ்கலேட்டர் முடிகிற இடத்தில் எங்கள் மேஜை. பில்லைக் காட்டினால் பொருளுக்கு வண்ணக் காகிதம் சுற்றி ரிப்பன் கட்டிக் கொடுப்போம். டிசம்பரில் கடைக்கு இதுதான் உயிர், எங்களுக்கு இதுதான் முதுகுவலி.

ஒருத்தர் தரை துடைக்கிற மாப்பைக் கொண்டுவந்து நீட்டினார். "வொய்ஃபுக்கு. கொஞ்சம் நல்லா பண்ணிக் குடுங்க."

என்னத்தை நல்லா பண்ணுவது. மாப்புக்கு எந்தக் காகிதம் சுற்றினாலும் மாப்பு மாதிரியேதான் இருக்கிறது.

பக்கத்தில் நிற்கிறவளை நாங்கள் டேப் என்று கூப்பிடுவோம், கத்திரிக்கோலைத் தொடாமல் பல்லாலேயே டேப்பைக் கடிப்பதால். அவர் நகர்ந்ததும் சொன்னாள்: "போன வருஷமும் இதே ஆளுக்கு மாப்புதான் கட்டுனேன். தேஞ்சது மாப்பா பொண்டாட்டியான்னு கேட்டிருக்கணும்."

சிரித்தேன். பஸ்ஸில் வரும்போது சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 10

யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். கல்யாணமான வருஷக் கிறிஸ்துமஸுக்கு அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது குக்கர். நான் பிறந்த வருஷம் வாஷிங் மெஷின். அம்மா வேலை பார்ப்பதே ஆஸ்பத்திரி லாண்டரியில். பகல் முழுக்க ஊரார் படுக்கை விரிப்பைத் துவைத்து மடித்துவிட்டு வருகிறவளுக்கு, சாயங்காலம் துவைக்க ஒரு மெஷின். அதன்மேல் பெரிய சிவப்பு ரிப்பன் வேறு கட்டியிருந்தாராம். இன்றைக்கும் அப்பா அந்த ரிப்பனைப் பற்றித்தான் பெருமை பேசுவார். அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்தது இடுப்பு பெல்ட். வலிக்காமல் குனிந்து வேலை செய்யலாம் என்று.

அம்மா கொடுத்ததெல்லாம் வேறு மாதிரி. அண்ணனுக்கு ஒரு தடவை டெலஸ்கோப் வாங்கித் தந்தாள். முதலில் நிலாவைப் பார்த்தான், அப்புறம் எதிர்வீட்டைப் பார்த்தான், அப்பா பிடுங்கிப் பரணில் போட்டுவிட்டார். எனக்கு ரோலர் ஸ்கேட்ஸ். நாலாவது மாடிக் குடியிருப்பில் ஸ்கேட்ஸ் ஓட்ட எங்கே இடம்? "நடைபாதை இருக்குல்ல, ஓட்டு. யாராவது கத்துனா நான் பேசிக்கிறேன்" என்றாள். கத்தினார்கள். பேசிக்கொண்டாள்.

ஒன்றுக்கும் உதவாத பொருளை ஒருவருக்கு ஆசையாக வாங்கித் தருவது — அது அம்மாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

டிசம்பர் 14

அண்ணன் போன் பண்ணினான். அவன் இருப்பது ஒரு நாள் ரயில் தூரத்தில். குழந்தைக்கு நாலு மாசம் ஆகிறது. அண்ணி ஜனவரியில் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

"அம்மாவுக்கு இந்தத் தடவ பெரிய கிஃப்ட். கவர்ல வரும். கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான் பிரிக்கணும், சொல்லிட்டேன்."

குரலில் அவ்வளவு சந்தோஷம்.

டிசம்பர் 17

அம்மாவின் சூப்பர்வைசர் வருஷக் கடைசியோடு ரிட்டயராகிறாராம். அந்த இடத்துக்கு அம்மாவைக் கேட்டிருக்கிறார்கள். மேஜை உண்டு. உட்கார நாற்காலி உண்டு. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி இதைச் சொன்னாள்.

"நீ என்ன சொன்ன?"

"யோசிச்சு சொல்றேன்னேன்."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஒரு தடவயாவது அப்படிச் சொல்லிப் பாக்கணும்னு தோணுச்சு."

அப்பா டிவியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "உக்காந்தா வெயிட்டு போடும்" என்றார். ரிட்டயரான பஸ் டிரைவர் சொல்கிறார். உட்கார்ந்தே முப்பது வருஷம் ஓட்டியவர்.

டிசம்பர் 21

வேலை. வேலை. நகத்துக்குள்ளே ஜிகினா.

டிசம்பர் 25

எழுதவே கை வரவில்லை. வரிசையாகவே எழுதுகிறேன்.

காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தோம். நான் அம்மாவுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கியிருந்தேன். கனமான அடிப்பாகம், உள்ளே பஞ்சு. பார்த்துப் பார்த்து வாங்கியது, நானே கட்டியது. அம்மா போட்டுக்கொண்டு ஹாலில் இரண்டு நடை நடந்தாள்.

"மெத்துன்னு இருக்கு. ரொம்ப நேரம் நிக்கறதுக்குத்தானே?"

ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. மாப்பு வாங்கிய ஆளை அன்றைக்கு என்னவெல்லாம் பேசினோம், டேப்பும் நானும்.

பிறகு கவர். உள்ளே ஒரு வாழ்த்து அட்டை, ஒரு ரயில் டிக்கெட். ஜனவரி நாலாம் தேதிக்கு, அம்மா பேரில். அட்டையில் அண்ணன் எழுதியிருந்தான்: 'அம்மா, நீ உழைச்சது போதும். எங்களோட வந்து ரெஸ்ட் எடு.'

அம்மா டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். கவருக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"திரும்பி வர்றதுக்கு?"

"அதெல்லாம் அப்புறம் போடுவான்" என்றார் அப்பா.

அண்ணனுக்கு போன் போட்டோம். ஸ்பீக்கரில் அவன் சிரிப்பு ஹால் முழுக்க. "இனிமே அம்மாவ நாங்க வெச்சுக்கறோம்ப்பா. நீங்க கவலயே படாதீங்க."

அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அம்மாவுக்காக என்று ஒரு நொடி நம்பினேன். "அப்ப இங்க எனக்கு யாரு?" என்றார். என்னைப் பார்த்தார். கடையில் குக்கரை வாங்கலாமா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

வாழ்த்து அட்டையை அம்மா அலமாரியில் நிறுத்தி வைத்தாள். லாண்டரி பற்றி யாரும் பேசவில்லை. அம்மாவும்.

டிசம்பர் 26

நான் தப்பாகப் பேசிவிட்டேன். இல்லை, சரியாகத்தான் பேசினேன். கடைசி வார்த்தை மட்டும் —

அம்மா குளிக்கப் போயிருந்த நேரம் அண்ணனைப் பிடித்தேன். நாலு மாசக் குழந்தையோடு என்னடா ரெஸ்ட் என்று கேட்டேன். சம்பளமில்லாத ஆயா வேண்டுமென்று நேராகக் கேளேன் என்றேன்.

"வாய் நீளுது உனக்கு. பேரனப் பாத்துக்கறது வேலையா? அம்மாவே ஆசப்படுவாங்க."

"கேட்டியா?"

"கேக்கணுமா? நீ கல்யாணம் ஆகிப் போயிடுவ. அப்புறம் அம்மாவ யாரு வெச்சுக்குவா?"

"இத்தன நாளா நான்தான் வெச்சிருக்கேன். இனிமேயும் நானே வெச்சுக்கறேன். உன் டிக்கெட்ட நீயே வெச்சுக்கோ."

திரும்பினால் அம்மா. ஈரத் தலையில் துண்டு.

"ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க. யாரு வீட்டு அலமாரியில நான் இருக்கணும்னு."

கத்தவில்லை. சமையலறைக்குப் போனாள். என் டிபன் பாக்ஸைக் கழுவும் சத்தம் கேட்டது.

நான் வெச்சிருக்கேனாம். என் துணியைத் துவைப்பவள் அவள். எனக்குச் சோறு கட்டுபவள் அவள். மாசா மாசம் கொஞ்சம் பணத்தைக் கையில் கொடுத்துவிட்டால் ஆளை வைத்திருப்பதாக ஆகிவிடுமா? அண்ணன் மேல் வந்த கோபம் அப்படியே நிற்கிறது, ஆனால் எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியவில்லை.

டிசம்பர் 27

அம்மா பேசுகிறாள். உப்பு, புளி, பஸ் நேரம். அவ்வளவுதான்.

டிசம்பர் 28

ஞாயிறு. மொட்டை மாடியில் துணி காயப்போட உதவப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதையே பெரிதாக எடுத்துக்கொண்டேன்.

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "உனக்கு வந்த கிஃப்ட்லயே உனக்குப் பிடிச்சது எதும்மா?"

கிளிப்பை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"நீ அப்ப ஸ்கூல்ல. கிறிஸ்துமஸ் அன்னிக்கு டூட்டி போட்டுட்டாங்க. மதியம் பெரிய மெஷினு நின்னுபோச்சு. ரிப்பேர் பண்ண ஆளு இல்ல, வீட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. நான் வீட்டுக்கு வரல."

"எங்க போன?"

"எங்கயும் போகல. ஆத்துப் பாலத்துக்கிட்ட பெஞ்சு இருக்குல்ல. ஒரு பன்னு வாங்கிக்கிட்டு அங்க உக்காந்திருந்தேன். போற வர்ற ஆளப் பாத்துக்கிட்டு. எப்பவும் வர்ற நேரத்துக்கு வந்தேன். உங்கப்பா, 'ஏன் லேட்டு'ன்னார். அன்னிக்கும் லேட்டுதான் அவருக்கு."

"அது கிஃப்ட்டா?"

"யாரும் குடுக்கல. அதான் நல்லா இருந்துச்சு."

அப்பாவின் பனியனை உதறி மாட்டினாள். பிறகு, என்னைப் பார்க்காமல்: "நாளைக்கு வேலையிலருந்து வரும்போது மிச்சக் காகிதம் ஒண்ணு கொண்டாடி. நல்லதா."

எதற்கு என்று கேட்கவில்லை. போகப் போகிறாள், குழந்தைக்கு ஏதோ கட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் 30

இதை நான் பார்த்தேன் என்று எழுதி வைக்க வேண்டும். பின்னால் நானே நம்ப மாட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் அம்மா ஒரு சின்னப் பொட்டலத்தை அப்பா முன்னால் வைத்தாள். நான் கொண்டுவந்த தங்கநிறக் காகிதம். மூலைகள் ஆஸ்பத்திரிப் படுக்கை மாதிரி மடிந்திருந்தன. எனக்கு அப்படி மடிக்க வராது.

"என்னது இது? கிறிஸ்துமஸ் முடிஞ்சுதே."

"பிரிங்க."

அதே டிக்கெட். பேர் மட்டும் அப்பாவுடையது. குடும்பத்துக்குள் பேர் மாற்றித் தருவார்களாம். வேலை முடிந்து நேராக ஸ்டேஷனுக்குப் போய் வரிசையில் நின்று மாற்றியிருக்கிறாள்.

அப்பா கண்ணாடியைத் தேடினார். கண்ணாடி மூக்கிலேயே இருந்தது.

"நான் போய் அங்க என்ன பண்றது?"

"ரெஸ்ட் எடுங்க."

நான் எழுந்து சமையலறைக்கு ஓடிவிட்டேன். சிரிப்பா அழுகையா, இரண்டும்தான் வந்தது. வெளியே அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்: "பையன் உன்னத்தான கூப்பிட்டான்?"

"பேரன் உங்களுக்கும்தான். வீட்டுல சும்மாதான இருக்கீங்க. நான் ஒண்ணாந்தேதியிலருந்து சூப்பர்வைசர்."

"யோசிச்சு சொல்றேன்னியே?"

"யோசிச்சாச்சு."

ஜனவரி 4

அப்பா போய்விட்டார். பிளாட்பாரத்தில் கடைசி வரைக்கும், யாராவது விளையாட்டுக்குச் சொன்னோம் என்று சொல்வார்களா எனப் பார்த்தபடியே இருந்தார். பாவமாகத்தான் இருந்தது. அம்மா தண்ணீர் பாட்டிலை ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். "பால் சூடா இருக்கான்னு புறங்கையில விட்டுப் பாருங்க" என்றாள். ரயில் நகர்ந்த பிறகும் அவர் புறங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 6

அண்ணன் என்மேல் பாய்ந்தான். எல்லாம் நான் ஏற்றிவிட்டதாம்.

"அப்பாவ வெச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? அவருக்கே டீ போட்டுக் குடுக்க ஆள் வேணும்."

அம்மா போனை வாங்கினாள். "நீ டிக்கெட் போட்ட. ஆள் வந்தாச்சு" என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டாள்.

ஜெயித்துவிட்டோம் என்று தோன்றியது. எழுதும்போதே எங்கோ உறுத்துகிறது.

ஜனவரி 8

உறுத்தியது இதுதான்.

அண்ணி கூப்பிட்டாள். எனக்கு அவள் போன் பண்ணியதே இல்லை. பின்னால் குழந்தை அழுதது.

"மாமா பாப்பாவ ஸ்டியரிங் மாதிரி பிடிச்சிருக்கார்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "திங்கக்கிழமை நான் வேலைக்குப் போகணும். உங்கண்ணன், 'இன்னும் ஒரு வருஷம் லீவு போடு, இல்லன்னா விட்டுடு'ங்கறார். இப்ப மாமாவுக்கும் சேத்து சமைக்கறேன். எல்லாரும் அத்தைக்காக சண்ட போட்டீங்க. சந்தோஷம். எனக்கு யாராவது டிக்கெட் போடுவீங்களா?"

அம்மாவைக் காப்பாற்றப் போய் — நானா காப்பாற்றினேன், அவளேதான் — சுமையை இறக்கி அண்ணி தலையில் வைத்துவிட்டோம். அவளை நான் அண்ணன் கட்சி என்றே நினைத்திருந்தேன். அவளிடம் யார் எப்போது கேட்டார்கள்? நானும் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். மடித்து வைத்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். "சரி, நான் போறேன்" என்று வந்துவிடும் எனப் பயந்தேன். உதடு வரைக்கும் வந்தது, பார்த்தேன்.

பிறகு அவளே அண்ணியைக் கூப்பிட்டாள்.

"திங்கக்கிழமை பாப்பாவ அவர் கையில குடுத்துட்டு நீ கிளம்பு. அழும். ரெண்டும் அழும். நீ திரும்பிப் பாக்காத. பாத்தீன்னா போக மாட்ட. நான் ரெண்டு பிள்ளைக்கும் திரும்பிப் பாத்துப் பாத்துத்தான் பஸ்ஸ விட்டேன்."

போனை வைத்தாள். "குழந்த என்ன ஆவும்னு எனக்கும் பயமாத்தான்டி இருக்கு" என்றாள்.

ஜனவரி 12

அண்ணி இன்று வேலைக்குப் போனாள். அப்பா காலையிலிருந்து போன் அடித்தபடி இருந்தார். அம்மா போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வேலை பார்ப்பாள். எனக்கு அடித்தார், நான் மேஜையில் இருந்தேன். அண்ணனுக்கு அடித்திருப்பார், அவன் மீட்டிங்கில் இருந்திருப்பான். மதியத்துக்கு மேல் அடிப்பது நின்றது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். அம்மா எனக்குப் பின்னால்தான் வந்தாள். அப்போது அண்ணியிடமிருந்து ஒரு படம் வந்தது. சோபாவில் அப்பா, மடியில் குழந்தை. இரண்டு பேரும் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். அப்பாவின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து பாக்கெட் வரைக்கும் பால்.

அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். குழந்தையின் முகத்தை. பிறகு சட்டையை.

"இத உடனே பச்சத் தண்ணியில ஊற வெக்கணும். காஞ்சா போவாது."

போனை எடுத்தாள். அப்பாவின் நம்பர் வரைக்கும் போனாள். கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சோறு வெந்துச்சாடி?"