நீ நடிக்காத செவ்வாய்க்கிழமை

இன்று காலை மதுரை கே.கே. நகர் ஆய்வு மையத்தில் ஸ்கேன் ஜெல்லைப் பிதுக்கியதும், விரலில் பட்ட அந்தச் சில்லிப்பு உன்னைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மூளைக்குள் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் கருவியை நான் பழகியதே உன் நெற்றிப்பொட்டில்தானே! கருவியை வைத்ததும் உஸ் உஸ் என்று சத்தம் கேட்கும். "வைகையில கூட இம்புட்டு ஓட்டம் இல்ல மாப்ள" என்று படுத்தபடியே பீற்றிக்கொள்வாய்.

அறைக்குள் உட்கார்ந்து அளப்பது என் வேலை. பக்கவாதம் யாருக்கு, எந்த வயதில் வந்தது, எவ்வளவு நேரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது உன் வேலை. கொட்டாம்பட்டிப் பக்கம் போய்விட்டு வந்தால் உன் முகமே சரியிருக்காது. "நாப்பது வயசுக்காரன்லாம் விழுகுறான்டா. தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்னு படுத்துர்றாய்ங்க" என்பாய்.

மையத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பெடுக்கையில், அறிகுறிகளைக் காட்ட நீயே நோயாளியாக நடிப்பாய். வாய் கோணும், கை துவளும், நாக்கு குழறும். அது போதாதென்று எனக்கும் போன் போட்டுக் குழறுவாய். நான் பதறியதும் சிரிப்பாய். எத்தனை தடவை திட்டியிருப்பேன்!

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையும் குழறினாய். "போதும்டா, வேலை கிடக்கு" என்று வைத்துவிட்டேன். மதியம் சாப்பிட நீ வராதபோதுதான் திரும்பக் கூப்பிட்டேன்; நீ எடுக்கவில்லை. உன் வீட்டில் எல்லாரும் ஊருக்குப் போயிருந்தார்கள். அவனியாபுரத்துக்கு வண்டியை விரட்டி வந்து கதவைத் தள்ளினால், நீ தரையில் கிடந்தாய். போன் உன் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

காலையிலேயே கொண்டுவந்திருந்தால் அடைப்பைக் கரைக்கும் ஊசி போட்டிருக்கலாம் என்றார் டாக்டர். உன் கட்டிலருகே நின்று அழுதேன். நீ இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "நடிப்பு... நல்லா இருந்துச்சா மாப்ள?" என்று குழறினாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான்கே நாளில் போய்விட்டாய்.

இப்போது அந்த வகுப்பை நான்தான் எடுக்கிறேன். யாரையும் நடிக்க விடுவதில்லை. "பேச்சு குழறினா, விளையாட்டுன்னு தோணினாலும் உடனே கிளம்பிப் போங்க" என்கிறேன். போன வாரம் ஒரு பெண் கேட்டாள்: "இதப் போயி யாரு சார் விளையாட்டுன்னு நினைப்பாங்க?"

பேச்சை மாற்றித் தப்பித்திருக்கலாம்.

"நான் நினைச்சேம்மா" என்றேன்.