சத்தம் போடாமல் இருந்தால் வரும்

திண்டுக்கல்,
17-11-1957

அன்புள்ள ஆனந்தமேரிக்கு,

சர்வேசுரன் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே துணையிருக்க மன்றாடி எழுதுவது. நானும் பிள்ளை பிலோமியும் சுகம். இந்தத் தடவை கார்டு நர்சம்மா கையெழுத்தில் வந்திருந்தது. இருமல் குறைந்திருக்கிறது என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். சரி. முட்டையைத் திருப்பி அனுப்பாமல் சாப்பிடு.

டாக்டரும் எனக்குத் தனியாக எழுதியிருக்கிறார். ஆபரேஷன் செய்வதில்லை என்று முடிவு செய்துவிட்டார்களாம். அதற்கு மேல் எழுதியதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இங்கே மழை நன்றாகப் பெய்தது. கொல்லைப்புறச் சுவர் ஓரமாகச் சரிந்திருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுப் பேச்சாயிதான் பிலோமியைப் பார்த்துக்கொள்கிறாள். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு நான் மட்டும் போய் வந்தேன். பிள்ளையைக் கூட்டிப் போக மனம் வரவில்லை.

பிலோமியைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

ஐப்பசி தொடக்கத்தில் அகரம் பக்கத்துக் கண்மாய் நிரம்பியது. உன் தம்பி கஸ்பார் ஒரு தூண்டில் கட்டிக் கொடுத்தான். வீட்டில் இருந்தால் உன்னைக் கேட்டு நச்சரிக்கிறாளே என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தாடிக்கொம்பு பஸ்ஸில் அவளைக் கூட்டிப் போனேன். முதல் நாள் ஒரே ஆட்டம். தண்ணீரில் கல் எறிந்தாள். மண்புழுவுக்கெல்லாம் பெயர் வைத்தாள். தக்கை நிலைக்கும் முன்பே தூண்டிலை இழுத்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, “எப்பப்பா வரும்? எப்பப்பா வரும்?” என்று ஓயாமல் கேட்டாள்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு மீன் மேல் ஆசையே இல்லை. ஒரு மணி நேரமாவது யாரும் எதையும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது. முதுகில் ஓர் அடி வைத்துவிட்டேன். “சத்தம் போடாம, ஆடாம அசையாம இருந்தாத்தான் வரும்” என்று அதட்டினேன்.

அடுத்த ஞாயிறு பிள்ளை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். காலில் கட்டெறும்பு கடித்தது. அதைப் பார்த்தாளே தவிரத் தட்டிவிடவில்லை. ஐந்து வயதில் இவ்வளவு பொறுமையா என்று எனக்குப் பெருமை. பள்ளியில் மற்ற வாத்தியார்களிடம்கூடச் சொன்னேன். பேச்சாயிதான் ஒரு நாள், “வாத்தியாரய்யா, புள்ள வாயவே தொறக்க மாட்டேங்குது. வாசப்படியில விழுந்து முழங்கால்ல ரத்தம் வருது, ஒரு சத்தம் இல்ல. இம்புட்டு அமைதி நல்லதில்லங்கய்யா” என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

போன ஞாயிறு தக்கை அமிழ்ந்தது. அவள் கையைப் பிடித்துத் தூக்க வைத்தேன். உள்ளங்கை நீளத்துக்கு ஒரு கெண்டை. நான் சின்னப் பையன் போலக் கை தட்டினேன். அவள் கரையில் துள்ளுகிற மீனைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, “இது மீனு. அம்மா எங்கப்பா?” என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நான் சத்தமே போடலயே. விழுந்தப்பக்கூட அழுகலயே. அப்படி இருந்தா வரும்னு நீங்கதானப்பா சொன்னீக” என்றாள். அப்போதுதான் புரிந்தது, மேரி. முதல் நாளிலிருந்தே அவள் மீனைக் கேட்கவே இல்லை.

நான் சொன்னது தப்பு தாயி, சத்தத்துக்கும் அம்மாவுக்கும் சம்பந்தமில்லை, வாய்விட்டு அழு என்று மடியில் போட்டுக்கொண்டேன். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை லேசாக விலக்கி, “அப்ப எப்படி இருந்தா வரும்?” என்று கேட்டாள். பக்கத்தில் மீன் துடித்து அடங்கிவிட்டது.

இந்த வாரம் முழுவதும் அவளைப் பேச வைக்கப் பார்க்கிறேன். நான் பாடிக் காட்டுகிறேன், சட்டியைத் தட்டுகிறேன், கல் எறியச் சொல்கிறேன். அவள் என்னைப் பாவமாகப் பார்க்கிறாள். நான் போடுகிற சத்தத்தில் காரியம் கெட்டுவிடும் என்று பயப்படுகிறாள் போல. அவளிடம் நான் கோபப்படுவதில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு வந்திருக்கிற பொறுமை இவ்வளவுதான். ரொம்பத் தாமதமாக வந்தது.

வியாதி ஒட்டிவிடும், இந்த உடம்போடு பிள்ளை என்னைப் பார்க்க வேண்டாம் என்று பதினான்கு மாதமாகச் சொல்கிறாய். நானும் மறுக்கவில்லை. இப்போது ஒரே ஒரு முறை என் பேச்சைக் கேள். பிள்ளையை வார்டுக்குள் கொண்டுவர மாட்டேன். ஜன்னலுக்கு வெளியே தள்ளி நின்று பார்க்கட்டுமா என்று டாக்டரைக் கேட்டிருந்தேன். இத்தனை நாள் பிள்ளைகளை வாசல் தாண்ட விடாதவர், மறு தபாலிலேயே கூட்டி வாருங்கள் என்று எழுதிவிட்டார்.

வருகிற சனிக்கிழமை காலை வண்டியில் வருகிறோம். நர்சம்மாவிடம் சொல்லித் தலை வாரிக்கொள். எழுந்து உட்கார முடிந்தால் உட்கார். முடியாவிட்டால் கையை மட்டும் தூக்கு. அதுவும் முடியாவிட்டால் பரவாயில்லை, படுத்தே இரு. இதுதான் அம்மா என்று நான் அவளுக்குக் காட்டுகிறேன்.

வேறு எதுவும் கேட்கவில்லை, மேரி. சனிக்கிழமை வரைக்கும் இரு.

உன்
ராயப்பராஜ்