நாலு விசில்

ஜூலை 6, ஞாயிறு

பாப்பா பாஸ்தா கேட்டாள். காலை பத்து மணிக்கே சாஸுக்குத் தக்காளியை ஸ்லோ குக்கரில் மெதுவாக வேகப் போட்டுவிட்டேன். ஆறு மணிக்கு அவன் வந்தான். புருஷனை ‘அவன்’ என்று சொல்ல இந்த நோட்டை விட்டால் எனக்கு வேறு இடமில்லை.

“தக்காளி வேக ஒரு நாளாடி?” என்று அறைந்தான். கம்மல் தெறித்து விழுந்தது. கொதிக்கிற சாஸை அப்படியே பிரஷர் குக்கரில் கொட்டி மூடி, கேஸை முழுசாக வைத்தான்.

“நாலு விசில் விட்டா முடிஞ்சுது. பாரு.”

சாஸ் களி மாதிரி கெட்டி. அதில் வாசனைக்குப் போட்ட இலைகள் வேறு. விசில் ஓட்டை அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். பத்து நிமிஷமாகியும் ஒரு விசில்கூட வரவில்லை. பொறுமையில்லாமல் மூடியைப் பிடித்துத் திருகியிருக்கிறான். டமார் என்று அது சீலிங்கில் போய் அடித்தது. முகம், கழுத்து, கை எல்லாம் வெந்துவிட்டது. அவன் அலறல் இன்னும் காதில் இருக்கிறது.

தாம்பரம் ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், “நீங்க பக்கத்துல இல்லையாம்மா?”

“இல்ல சார். பாப்பாவோட பால்கனியில இருந்தேன்.”

பொய் இல்லை. விசில் வரவில்லை என்றதும் கூப்பிட்டேன். பாப்பாவை மட்டும்.